செய்தது யார்? பள்ளிச் செயல்திட்டத்தின் வரலாறு

ஒரு பொருளைச் செய்து முடிப்பது, ஒரு கேள்விக்கு விடை தேடிப் போவது, ஊரில் உள்ள சிக்கல் ஒன்றை ஆராய்வது என ஏதேனும் ஒரு பணியை மாணவரிடம் ஒப்படைத்து, அந்தப் பணியின் ஊடே பாடத்தைக் கற்கச் செய்யும் முறை செயல்திட்ட வழிக் கற்றல் எனப்படுகிறது. பள்ளிப் பேச்சில் இது வெறும் 'புராஜெக்ட்'. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோன்றிய முறை என்றே பெரும்பாலும் இதை அறிமுகப்படுத்துகிறார்கள். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ரோம் நகரில் கட்டடக்கலை மாணவர்கள் செயல்திட்டம் செய்துகொண்டிருந்தார்கள். மாணவன் கொண்டுவந்து வைக்கும் வேலை அவன் கையால் ஆனதுதானா என்ற சந்தேகமும் அங்கேயே தொடங்கிவிட்டது. அந்தச் சந்தேகத்துக்கு ஒவ்வொரு காலமும் தனக்குத் தெரிந்த வழியில் பரிகாரம் தேடியிருக்கிறது. சாட்ஜிபிடி போன்ற கருவிகள் வந்த பிறகு பள்ளிகள் திண்டாடுவதும் அதே இடத்தில்தான்.

பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் கட்டடம் எழுப்புவது கொத்தர்கள், கல்தச்சர்களின் தொழில். அதைக் கற்க விரும்பியவன் ஒரு பட்டறையில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் எடுபிடி வேலை பார்க்க வேண்டும். ஓவியர்களும் சிற்பிகளும் கட்டட வடிவமைப்பாளர்களும் தங்களைக் கைத்தொழிலாளரிடமிருந்து பிரித்துக்காட்ட விரும்பியபோது பட்டறைக்குப் போட்டியாக அகாதெமி எழுந்தது. ரோமின் சான் லூக்கா அகாதெமி 1593இல் ஃபெடெரிகோ சுக்காரி என்ற ஓவியரின் தலைமையில் முறையாக இயங்கத் தொடங்கியது. வடிவியலையும் கலைக் கோட்பாட்டையும் சொற்பொழிவாற்றிக் கற்பிக்க முடிந்தது. ஒரு தேவாலயத்தையோ அரண்மனையையோ தானே யோசித்து வடிவமைக்கும் திறமை சொற்பொழிவைக் கேட்டு வருவதில்லை. அதற்காகத்தான் போட்டிகள் ஏற்பட்டன. 1702 முதல் போப் பதினோராம் கிளெமென்டின் பெயரால் நடந்த போட்டி அவற்றுள் புகழ்பெற்றது. கொடுத்த தலைப்பில் மாணவர்கள் மாதக்கணக்கில் உழைத்துப் பெரிய பெரிய வரைபடங்களைத் தயாரித்தார்கள். அந்தக் கட்டடங்கள் எழப்போவதில்லை. வரைந்து பழகுவதற்காகவே வரைந்தவை அவை.

வரைபடத்தை ஒப்படைத்ததோடு போட்டி முடிந்துவிடவில்லை. போட்டியாளர்களை அகாதெமிக்குள் உட்காரவைத்து, அந்த இடத்திலேயே வேறொரு தலைப்பைச் சொல்லி, குறுகிய நேரத்துக்குள் வரையச் சொன்னார்கள். பெரிய வரைபடத்தில் பளிச்சிட்ட கைத்திறன் இந்தச் சிறு தாளில் காணாமல் போனால் நடுவர்களுக்கு விஷயம் விளங்கிவிடும்.

இந்த ஏற்பாட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் நுட்பமாக்கினார்கள். பாரிஸில் 1671இல் அரச கட்டடக்கலை அகாதெமி நிறுவப்பட்டது. 1720இலிருந்து அது கட்டடக்கலைக்குப் பெரும்பரிசு வழங்கி, வென்றவரை ரோமுக்கு அனுப்பிவைத்தது. பிரெஞ்சுப் புரட்சியில் அகாதெமி கலைக்கப்பட்டாலும் அதன் கற்பித்தல் முறை எக்கோல் தே போசார் எனப்படும் நுண்கலைப் பள்ளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் தொடர்ந்தது. அங்கே ஒரு செயல்திட்டம் தொடங்கும் விதமே தனி. மாணவன் ஒரு சிறு தடுப்பறைக்குள் தனியாகப் போவான். தலைப்பு அப்போதுதான் தெரியும். 12 மணி நேரத்துக்குள் தன் எண்ணத்தை முதல்நிலை வரைவாக வரைந்து பள்ளியிடம் கொடுத்துவிட்டு, அதன் நகலோடு வெளியே வருவான். பிறகு வாரக்கணக்கில் தன் ஆசானின் வரைகூடத்தில் அதை விரிவாக்குவான். ஆசான் திருத்துவார், மூத்தவர்கள் யோசனை சொல்வார்கள். கடைசி நாட்களில் இளைய மாணவர்கள் கூடி மை தீட்டுவார்கள், நிழல் பூசுவார்கள். வரைபடங்களை ஏற்றிக்கொண்டு போகக் கைவண்டி வந்து நிற்கும்போதும் சிலருக்கு வேலை முடிந்திருக்காது. வண்டியிலேயே தீட்டிக்கொண்டு போனார்கள் என்பது அந்தப் பள்ளியைப் பற்றிய பழங்கதை. இத்தனைக்கும் பிறகு இறுதி வரைபடத்தை, பள்ளியின் வசம் இருந்த முதல்நிலை வரைவோடு ஒப்பிடுவார்கள். அடிப்படை எண்ணம் மாறியிருந்தால் போட்டியிலிருந்து நீக்கம்தான்.

பிறர் உதவுவதை இந்தப் பள்ளி தடுக்க முயலவில்லை. மாணவனுடையதாக இருந்தே தீர வேண்டிய பகுதி எது என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் காவல் போட்டது. பிற்காலத்தில் செயல்திட்டத்தைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர்களில் பலருக்கு இந்தத் தெளிவு இருக்கவில்லை.

கட்டடக்கலையிலிருந்து செயல்திட்டம் ஐரோப்பியப் பொறியியல் கல்லூரிகளுக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போனது. செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயந்திரவியலும் கற்பித்த கால்வின் வுட்வர்டு, தன் மாணவர்களுக்குக் கருவிகளைப் பிடிக்கவே தெரியவில்லை என்று கண்டு 1880இல் ஒரு கைத்தொழில் பயிற்சிப் பள்ளியைத் திறந்தார். சிறுவர்கள் முதலில் தச்சு, கொல்லு, கடைசல் வேலைகளைப் படிப்படியாகப் பழகினார்கள். பழகிய திறன்களையெல்லாம் சேர்த்து ஏதாவது ஒன்றை முழுதாகச் செய்து காட்டுவது கடைசிக் கட்டம். சான்றிதழ் பெற விரும்பியவன் ஓர் இயந்திரத்தைக் கட்டி, அதற்கான வரைபடங்களையும் உடன் வைக்க வேண்டும். முதலில் பயிற்சி, பிறகு செயல்திட்டம் என்பது வுட்வர்டின் வரிசை. எல்லாம் பணிமனையில் ஆசிரியரின் கண்ணெதிரே நடந்ததால் செய்தது யார் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர் ஜான் டூயி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பேராசிரியராக இருந்த அவர் 1896 ஜனவரியில் 16 குழந்தைகளோடும் 2 ஆசிரியர்களோடும் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். திறமையைப் பழகிவிட்டு வேலைக்குப் போவதில்லை. வேலையில் இறங்கிய பிறகுதான் திறமையும் அறிவும் தேவைப்படுகின்றன என்பது அவர் கருத்து. 1899இல் வெளியிட்ட 'பள்ளியும் சமூகமும்' நூலில் அவர் தரும் காட்சி ஒன்று தமிழ்நாட்டின் பருத்திச் சீமைக்காரர்களுக்கு எளிதில் புரியும். குழந்தைகள் கையில் ஆட்டு ரோமமும் பருத்திக் காயும் கொடுக்கப்பட்டன. அவர்கள் அரை மணி நேரம் முயன்று கொட்டையிலிருந்து பிரித்தெடுத்த பஞ்சு ஓர் அவுன்ஸுக்கும் குறைவு. ரோமத்தின் இழை நீளம், சொரசொரப்பானது, ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பருத்தியின் இழை குட்டை, வழுவழுப்பானது. தங்கள் முன்னோர் ஏன் பருத்தி ஆடைக்கு முன்பே கம்பளி ஆடைக்குப் போனார்கள் என்பதைக் குழந்தைகள் தாங்களே ஊகித்தார்கள். பஞ்சு பிரிக்கும் இயந்திரம் வந்தபோது என்னென்ன மாறியிருக்கும் என்பதற்கு அங்கிருந்து பாடம் நகர்ந்தது. வரலாறு, புவியியல், இயற்பியல் மூன்றும் ஒரு பிடி பஞ்சிலிருந்து கிளம்பின.

இதில் கவனிக்க வேண்டியவர் ஆசிரியர். பஞ்சையும் ரோமத்தையும் தேர்ந்தெடுத்தவர் அவர். கேள்வி எங்கே போய்ச் சேரும் என்று முன்கூட்டியே அறிந்தவரும் அவர். குழந்தையின் ஆர்வம் போகிற போக்கில் பள்ளியை விட்டுவிட வேண்டும் என்று டூயி எங்கும் சொல்லவில்லை. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள்தான் அப்படிச் சொன்னார்கள்.

கிராமப் பக்கம் நடந்த இன்னொரு முயற்சி இன்று அதிகம் பேசப்படுவதில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வேளாண் கல்வியை வளர்த்த ரூஃபஸ் ஸ்டிம்சன் 1908 வாக்கில் 'வீட்டுச் செயல்திட்டம்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். மாணவன் தன் வீட்டு நிலத்தில் ஒரு பாத்தி உருளைக்கிழங்கோ சில கோழிகளோ வளர்க்க வேண்டும். விதை, தீவனம், கூலி, விற்பனை எல்லாவற்றுக்கும் கணக்கு எழுத வேண்டும். ஆசிரியர் அந்த நிலத்துக்கே போய்ப் பார்ப்பார். வீட்டில் செய்யும் வேலைக்குப் பள்ளி மதிப்புக் கொடுக்கும்போது அப்பா செய்தாரா மகன் செய்தானா என்ற ஐயம் வருவது இயல்பு. கணக்குப் புத்தகமும் ஆசிரியரின் வருகையும் அந்த ஐயத்தைத் தீர்த்தன. 1917இல் தொழிற்கல்விக்காக அமெரிக்க நடுவண் அரசு இயற்றிய ஸ்மித்-ஹியூஸ் சட்டத்துக்குப் பின் இந்த ஏற்பாடு நாடெங்கும் பரவியது.

அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரை இவற்றையெல்லாம் மறக்கடித்தது. கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹேர்டு கில்பாட்ரிக் 1918 செப்டம்பரில் 'செயல்திட்ட முறை' என்ற தலைப்பில் அதை எழுதினார். முழுமனதோடு, ஒரு நோக்கத்தோடு, சமூகச் சூழலில் செய்யும் எந்தச் செயலும் செயல்திட்டமே என்பது அவருடைய வரையறை. பட்டம் செய்வதும் அதில் அடங்கும். ஒரு கதையைக் கேட்டு ரசிப்பதும் அடங்கும். நோக்கம் கொள்ளல், திட்டமிடல், செய்தல், மதிப்பிடல் என்று நான்கு படிகளை வகுத்து, அவற்றில் முடிந்தவரை மாணவரே முடிவெடுக்க வேண்டும் என்றார். கட்டுரையின் தனிப்படிகள் பல்லாயிரக்கணக்கில் விற்றன. அவர் வகுப்புகளுக்குத் திரண்ட கூட்டத்தால் கல்லூரிக்குக் கிடைத்த கட்டண வருவாயை வைத்து அவரை 'மில்லியன் டாலர் பேராசிரியர்' என்றே அழைத்தார்கள்.

எல்லாமே செயல்திட்டம் என்றால் எதுதான் செயல்திட்டம் இல்லை? பாய்டு போடு போன்ற சக கல்வியாளர்கள் 1920களிலேயே இதைக் கேட்டுவிட்டார்கள். டூயியும் தன் பழைய மாணவரின் இந்த விரிவாக்கத்தை முழுதாக ஏற்கவில்லை. ஆனாலும் முறைக்குச் சான்று இருப்பதாகப் பலரும் நம்பினார்கள். கில்பாட்ரிக்கின் மாணவர் எல்ஸ்வொர்த் காலிங்ஸ் மிசோரி மாநிலக் கிராமப் பள்ளிகளில் நடத்திய பரிசோதனை என்று 1923இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு வீட்டில் அடிக்கடி டைஃபாய்டு வருவது ஏன் என்று குழந்தைகளே ஆராய்ந்து காரணம் கண்டறிந்த கதை அந்த நூலின் உச்சம். பல மொழிக் கல்வி நூல்களில் அது மேற்கோள் காட்டப்பட்டது. ஜெர்மானியக் கல்வி வரலாற்றாசிரியர் மைக்கேல் நோல் 1996இல் ஆவணங்களைத் துருவி, நூல் சொன்னபடி அந்தப் பரிசோதனை நடக்கவில்லை, பெரும்பகுதி ஜோடிக்கப்பட்டது என்று எழுதினார். செயல்திட்ட முறையின் புகழ்பெற்ற செயல்திட்டமே இட்டுக்கட்டியதாக இருந்தது என்றால், பள்ளிக் குழந்தையின் ரெக்கார்டு நோட்டை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

சோவியத் ரஷ்யா 1920களில் இந்த முறையை ஆர்வத்தோடு தழுவிக்கொண்டு, மாணவர்களுக்கு எழுத்தும் கணக்கும் ஒழுங்காக வரவில்லை என்று 1931இல் கட்சி ஆணை மூலம் கைவிட்டது. இந்தியாவுக்கு அது வேறு வழியாக வந்தது. பஞ்சாபின் மோகா நகரில் கிறித்தவ சமயப் பணியாளர்கள் நடத்திய ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1920களில் கிராம வாழ்க்கையையே பாடமாக்கிச் செயல்திட்ட முறையில் கற்பித்தது. சாந்திநிகேதனில் தாகூரின் சிட்சா சத்ரா பள்ளி 1924இல் தொடங்கிக் கைத்தொழிலையும் தோட்ட வேலையையும் கல்வியாக்கியது.

பெரிய அளவில் சோதித்தது காந்தியின் ஆதாரக் கல்வி. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் அவர் இத்திட்டத்தை வைத்தார். கல்வியாளர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல, அமெரிக்காவின் புராஜெக்ட் முறைக்கும் ரஷ்யாவின் காம்ப்ளெக்ஸ் முறைக்கும் உறவானதுதான் என்று ஜாகிர் உசேன் அங்கே சுட்டிக்காட்டினார். பாடத்திட்டம் வகுத்த குழுவுக்கு அவரே தலைவரானார். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா அதில் உறுப்பினர். யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம் அதன் அமைப்பாளர். தாகூரிடம் செயலராக இருந்த ஆரியநாயகமும் அவர் மனைவி ஆஷா தேவியும் பிறகு சேவாகிராமத்தில் இந்தக் கல்வியைப் பல்லாண்டுக் காலம் நடத்தினார்கள். குழு வகுத்த கால அட்டவணைப்படி ஒரு நாளின் ஐந்தரை மணி நேரத்தில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு. தாய்மொழிக்கு 40 நிமிடம்; இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம். தக்ளி என்ற கைக்கதிரில் நூற்கும்போது நூலின் நீளத்தில் கணக்கும், பருத்தி விளையும் மண்ணில் புவியியலும் வர வேண்டும் என்பது எண்ணம். பிள்ளைகள் நூற்ற நூலை விற்றுப் பள்ளிச் செலவைச் சரிக்கட்டலாம் என்ற பகுதிதான் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. பொருளியலாளர் கே.டி.ஷா மாநாட்டிலேயே மறுத்துப் பேசினார். விற்பனைக்கான நூல் என்று வந்தபின் நூலின் எடையே முக்கியமாகிக் கற்றது என்ன என்ற கேள்வி பின்தங்கிவிடும். பல ஆதாரப் பள்ளிகளில் நடந்ததும் அதுவே.

சென்னை மாநிலத்தில் இந்த வரலாறு ஒரு கசப்பான திருப்பத்தை அடைந்தது. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் வகுப்பு நேரத்தை 3 மணி நேரமாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலில் ஈடுபட வேண்டும். ஒரே கட்டடத்தில் இரு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்க முடியும் என்பது அரசின் வாதம். துணி வெளுப்பவர் மகன் துணி வெளுக்கவும் சவரத் தொழிலாளி மகன் கத்தி பிடிக்கவும் அரசே ஏற்பாடு செய்கிறது என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கிளர்ந்தெழுந்தார்கள். குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு நிலைத்தது. 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் அரசு அதைக் கைவிட்டது. ஆதாரக் கல்வியில் தொழிலையும் பாடத்தையும் இணைக்க ஓர் ஆசிரியராவது இருந்தார். இந்தத் திட்டத்தில் பள்ளிக்கு வெளியே கழியும் நேரத்தைப் பாடத்தோடு இணைக்க யாரும் இல்லை. இருந்ததெல்லாம் பிறப்பு விதித்த தொழில். 'செய்து கற்றல்' என்ற பேச்சைத் தமிழ்நாடு நெடுங்காலம் ஐயத்தோடு கேட்டதற்கு இதில் போதுமான நியாயம் உண்டு.

தேசிய அளவில் ஆதாரக் கல்வியின் எண்ணத்தைக் கோத்தாரி ஆணையம் (1964-66) 'பணி அனுபவம்' என்றும், 1977இல் ஈசுவர்பாய் படேல் குழு 'சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி' என்றும் பெயர் மாற்றிப் பரிந்துரைத்தன. பெரும்பாலான பள்ளிகளில் அது வாரத்தில் ஒரு பாடவேளை மெழுகுவத்தி, சாக்பீஸ் செய்வதோடு நின்றது. விதிவிலக்கு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம். 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது அது. பாடத்தைப் படித்துக் காட்டாமல் பரிசோதனை செய்து, வயல்வெளிக்குப் போய்ப் பார்த்து, முடிவை மாணவர்களே எழுதினார்கள். தேர்வையும் திட்டத்தை நடத்தியவர்கள் மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். கூடவே செய்முறைத் தேர்வு உண்டு. 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. கற்பிக்கும் முறையை மாற்றிவிட்டுத் தேர்வைப் பழையபடியே வைத்திருப்பதில் பயனில்லை என்று உணர்ந்து செயல்பட்ட மிகச் சில இந்திய முயற்சிகளில் இது ஒன்று.

1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடும் இந்த வரிசையில் வருவதே. தமிழ்நாட்டில் இதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஊர் ஊராகக் கொண்டுசென்றது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகத் தங்கள் ஊரின் நீர், மண், உணவு, குப்பை பற்றி ஆய்வு செய்து நடுவர்முன் பேச வேண்டும். நடுவர் கேள்வி கேட்பார். பதில் சொல்பவர் பிள்ளையா, வழிகாட்டி ஆசிரியரா என்பது சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும்.

பள்ளிக்குள் நடந்தது வேறு. 2012-13இல் தமிழ்நாட்டில் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த 40இல் செயல்பாடுகளுக்கும் செயல்திட்டங்களுக்கும் இடம் கிடைத்தது. நோக்கம் நல்லது. விளைவாகச் செழித்தவை ஸ்டேஷனரி கடைகளும் பிரவுசிங் சென்டர்களும். தலைவர்கள் படம், விலங்குகள் படம், செல்லின் அமைப்பு என்று அச்சிட்ட தாள்களை வாங்கிச் சார்ட்டில் ஒட்டினால் ஒரு செயல்திட்டம். தெர்மாகோலில் எரிமலை செய்தால் இன்னொன்று. அதைச் செய்து முடிக்கிறவர் பெரும்பாலும் அம்மா. பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு இறுதியாண்டு வேலையை முழுதாகச் செய்து கொடுக்கப் 'புராஜெக்ட் சென்டர்' என்ற பலகையோடு கடைகளே வந்துவிட்டன. ஆசிரியர் ஒருவர் 40 சார்ட்டுக்கு மதிப்பெண் போட வேண்டும். யார் ஒட்டியது என்று கேட்க நேரம் ஏது?

இங்கிலாந்தும் இதில் சூடுபட்டது. 1988இல் முதல் தேர்வு நடந்த ஜிசிஎஸ்இ என்ற பள்ளிப் படிப்பில் வீட்டில் செய்யும் பணிகளுக்குக் கணிசமான மதிப்பெண் இருந்தது. இணையத்திலிருந்து எடுத்து எழுதுவதும் பெற்றோரின் கைவரிசையும் பெருகியதால், 2009 முதல் பல பாடங்களில் அதே பணியை வகுப்பறைக்குள் கண்காணிப்பின்கீழ் செய்ய வைத்தார்கள். 2015இல் தொடங்கிய சீர்திருத்தத்தில் பெரும்பாலான பாடங்களிலிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள். சாட்ஜிபிடி வர இன்னும் ஏழாண்டுகள் இருந்தன.

கணினியும் செயல்திட்டமும் முதலில் சந்தித்தது நட்பாகத்தான். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு மார்வின் மின்ஸ்கியுடன் இணைந்து தலைமை வகித்த சீமோர் பேப்பர்ட், 1967இல் தன் கூட்டாளிகளோடு லோகோ என்ற கணினி மொழியைக் குழந்தைகளுக்காகவே உருவாக்கினார். குழந்தை கட்டளை எழுதினால் திரையில் ஓர் ஆமை நகர்ந்து கோடு போடும். சதுரம் வர வேண்டுமானால் எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்பதைக் குழந்தையே தப்பும் தவறுமாகக் கண்டுபிடிக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடி ஒருவர் பள்ளிக்குக் கொடுக்க நினைத்தது, குழந்தை சொல்வதைத் தவிர எதையும் செய்யத் தெரியாத ஓர் இயந்திரத்தை.

2022 நவம்பர் 30 அன்று வெளியான சாட்ஜிபிடி அதற்கு நேர் எதிரானது. தலைப்பைத் தந்தால் போதும். கேள்வி, திட்டம், கட்டுரை, முடிவு, விளக்கப் பேச்சு அத்தனையும் நிமிடங்களில் தயார். கில்பாட்ரிக்கின் நான்கு படிகளும், தாளோடு முடியும் செயல்திட்டத்தைப் பொறுத்தவரை, இயந்திரத்தால் ஏறத்தக்கவையாகிவிட்டன. நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் அதற்குத் தடை போட்டு, மே மாதத்தில் தடையை விலக்கிக்கொண்டன. இன்டர்நேஷனல் பாக்கலரியேட் அமைப்பு தடை செய்யாமல், பயன்படுத்தினால் வேறெந்த மூலத்தையும் போல ஒப்புக்கொள்ள வேண்டும் என்றது. யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், வகுப்பறையில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தக் குறைந்தபட்ச வயது 13 ஆக இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது.

இயந்திரத்தின் எழுத்தை இயந்திரத்தைக் கொண்டே பிடிக்கலாம் என்ற நம்பிக்கை சீக்கிரம் தகர்ந்தது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே ஒரு கண்டறியும் கருவியை 2023 ஜனவரியில் வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டைத்தான் அதனால் சரியாகப் பிடிக்க முடிந்தது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டின்மீது பழி சுமத்தியது. ஜூலையில் அதை விலக்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று அவை சராசரியாகத் தவறாகச் சொல்லின. எளிய சொற்களில் ஆங்கிலம் எழுதும் தமிழ்ப் பிள்ளையும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

கற்றலுக்கு நேரும் சேதத்தைத் துருக்கியில் நடந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதத்தில் நடத்தியது அது. சாட்ஜிபிடி போன்ற கருவியைத் தாராளமாகப் பயன்படுத்தியவர்கள் பயிற்சியின்போது 48 விழுக்காடு கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். கருவியைப் பறித்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, கருவியே பயன்படுத்தாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் ஆசிரியர்கள் தயாரித்த குறிப்பை மட்டும் தரும்படி கட்டுப்படுத்திய கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தச் சரிவு பெரும்பாலும் ஏற்படவில்லை. கணிதத்துக்குச் சொன்னது செயல்திட்டத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முடிந்த வேலை நன்றாக இருப்பதும் செய்தவருக்கு அது தெரிந்திருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவையே செயல்திட்டத்தின் பொருளாக்குவது ஒரு வழி. சிபிஎஸ்இ 2019-20இல் 9ஆம் வகுப்புக்கு அதை விருப்பப் பாடமாக்கியது. சிக்கலை வரையறுத்தல், தரவு திரட்டல், ஆராய்தல், மாதிரி உருவாக்கல், மதிப்பிடல் என்று செயல்திட்டச் சுழற்சி ஒன்று அந்தப் பாடத்தின் மையம். கேரளம் 2024இல் 7ஆம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலில், முகபாவத்தை அடையாளம் காணும் நிரலை மாணவர்களே உருவாக்கும் பயிற்சியைச் சேர்த்தது. பேப்பர்ட்டின் ஆமைக்கு இவை உறவு.

மற்றப் பாடங்களுக்கு இருக்கும் வழிகள் பழையவை. தெருவில் எத்தனை தொட்டிகளில் கொசுப் புழு இருக்கிறது, கிணற்றின் நீர்மட்டம் சித்திரையில் எவ்வளவு இறங்கியது என்பவற்றுக்குப் பிள்ளைதான் போய்ப் பார்க்க வேண்டும். அத்தகைய எண்களையும் இயந்திரம் நொடியில் புனைந்து தரும் என்பதால் தேதியிட்ட குறிப்பேடும், ஸ்டிம்சன் காலத்து ஆசிரியரைப் போல நேரில் ஒரு நடை போய்ப் பார்ப்பதும் வேண்டியிருக்கிறது. செயல்திட்டத்தின் முதல் எண்ணத்தை வகுப்பிலேயே கையால் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். பாரிஸ் பள்ளி செய்தது அதைத்தான். அதன்பின் படம் தேடவும் மொழி திருத்தவும் இயந்திரத்தை நாடினால் பெரிய தோஷமில்லை. கடைசியில் வைவா, அதாவது நேரில் கேள்வி கேட்டு நடத்தும் வாய்மொழித் தேர்வு. பள்ளியில் கணினியே இல்லாத காலத்திலும் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியவனை ஆய்வகத்தில் இரண்டு கேள்வியிலேயே கண்டுபிடித்த ஆசிரியர்கள் இருந்தார்கள்.

கல்வி உரிமைச் சட்டம் உயர் தொடக்க நிலையில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் என்றாலும், ஒரு செயல்திட்டத்தைக் கேட்டு மதிப்பிட 350 நிமிடம், அதாவது ஏறத்தாழ ஒன்பது பாடவேளை தேவை. கால அட்டவணையில் அந்த ஒன்பது பாடவேளையை ஒதுக்க முடியாத பள்ளி, செயல்திட்டத்துக்கு மதிப்பெண் போடாமல் இருப்பதே மேல்.